அசலும் நகலும்

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, வென்னப்புவ, மாரவில, சிலாபம் ஆகிய ஊர்களின் வழியே புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 130 கிலோமீற்றர் நீளமுடையது. வழியெங்கும் தென்னந்தோட்டங்கள்; மேற்கே கடலும் களப்பும்; புத்தளத்தை அண்மும்போது பாலாவியின் உப்பளங்கள். உப்பை விளைவிக்கும் அந்தக் கடற்காற்றே இரும்பை அரிக்கும் பகையுமாகும். இக்கரையோரத்தில் வண்டி வைத்திருப்போருக்குத் துரு என்பது நாடோறும் எதிர்கொள்ளவேண்டிய வழக்கு.

இத்தகைய சாலையோரத்தில் பழங்காலத்து ஆங்கிலப் பந்தயக் கார் ஒன்று விலைக்கு வருகிறதெனக் கொள்வோம். மேற்கூரையில்லை, இருவர் அமரும் இருக்கைகள், நீண்ட முன்புறம், துருவின் சுவடே காணப்படவில்லை. வாங்க வருபவர் உள்ளத்தில் முதலில் எழும் வினா, “இஃது அசலா, நகலா?” என்பதாகும். எளிய வினாவாகத் தோன்றினும், இதற்கு விடை கூறுவதற்கு நீதிமன்றமே நெடிது ஆராய நேர்ந்தது என்பதை மோட்டார் வண்டிகளின் வரலாறு காட்டுகிறது.

திறந்த மேனியும் இரண்டே இருக்கைகளும் கொண்ட இவ்வகை வண்டியை ஆங்கிலேயர் ரோட்ஸ்டர் என்பர். உலகில் மிகுதியாக நகல் செய்யப்பட்ட ரோட்ஸ்டர்களுள் தலையாயது கோப்ரா. இதன் பிறப்பே படிப்பினை தருவது. இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் 1953ஆம் ஆண்டில் ஏஸ் என்னும் வண்டியை வெளியிட்டது. இத்தாலிய பெராரி நிறுவனத்தின் 166ஆம் இலக்கத் திறந்த வண்டியின் சாயல் அதன் வடிவத்தில் தெளிவாகவே தெரிந்தது. 1962இல் கரோல் ஷெல்பி என்னும் அமெரிக்கப் பந்தய வீரர், அந்த ஆங்கில மேனியினுள் அமெரிக்கப் போர்ட் நிறுவனத்தின் எட்டு உருளை இயந்திரத்தைப் பொருத்தினார். அவ்வாறு பிறந்ததே கோப்ரா. ஆகவே, இன்று அசல் எனப் போற்றப்படும் வண்டியும் இத்தாலியச் சாயலும், ஆங்கில உடலும், அமெரிக்க இதயமும் கொண்ட ஒரு கலப்பேயாகும். அக்காலத்தில் செய்யப்பட்டவை சுமார் 1000 வண்டிகள் மட்டுமே. அதன் நகல்களோ பல நாடுகளில் பல்லாயிரமாகப் பெருகிவிட்டன.

இவ்வகையில் மற்றொரு புகழ்பெற்ற வண்டி லோட்டஸ் செவன். கொலின் சப்மன் 1957இல் வெளியிட்ட இவ்வண்டி, ஆடம்பரம் அனைத்தையும் துறந்த துறவி போன்றது. கதவில்லை, சுமையில்லை, வேகம் ஒன்றே குறிக்கோள். அந்நாளில் இங்கிலாந்தில் முழு வண்டியாக வாங்குவோர் கொள்வனவு வரி செலுத்தவேண்டியிருந்தது; பாகங்களாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்வோருக்கு அவ்வரி இல்லை. ஆனால், பூட்டும் முறையை விளக்கும் குறிப்பு உடன் தரப்படலாகாது என்பது விதி. சப்மன் வண்டியைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதனைப் பின்னிருந்து முன்னாகப் படிக்குமாறு செய்தார் என்று கூறப்படுவதுண்டு. 1973இல் இவ்வண்டியைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஏனைய நாடுகளிலும் இதைப் பார்த்துச் செய்தோர் பலர். இந்தியாவில் மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள அலிபாக் பகுதியில் சிங்காரா நிறுவனம் செய்த ரோட்ஸ்டர் அவ்வழி வந்ததே. கண்ணாடியிழை மேனியினுள், அம்பாசடர் காரில் பயன்பட்ட 1.8 லீற்றர் இசுசு இயந்திரத்தை அது தாங்கியிருந்தது.

கண்ணாடியிழை என்பது புத்தளக் கரையோரத்தாருக்குப் புதிய பொருளன்று. கற்பிட்டி, உடப்பு, சிலாபம் ஆகிய இடங்களில் மீனவர் கடலில் இறக்கும் ‘பைபர் படகு’ இதனால் ஆனதே. முதலில் மரத்தாலோ வேறு பொருளாலோ ஒரு மாதிரி செய்யப்படும். அதன்மேல் அச்சு எடுக்கப்படும். அச்சின் உட்புறம் மெழுகு தடவி, நிறப் பூச்சிட்டு, கண்ணாடியிழை விரிப்பை அடுக்கடுக்காகப் பரப்பி, பிசினைத் தோய்ப்பர். பிசின் இறுகியபின் அச்சிலிருந்து பிரித்தெடுத்தால் படகின் உடல் ஆயத்தம். படகு செய்யும் முறை இதுவெனின், பந்தயக் காரின் நகல் மேனி செய்யும் முறையும் இதுவே. உப்புக் காற்று இதனைத் துருப்பிடிக்கச் செய்யாது. துருப்பிடிப்பது அடியிலுள்ள இரும்புச் சட்டகமே. ஆதலின், கரையோரத்தில் இத்தகைய வண்டியை வாங்குவோர் பளபளக்கும் மேனியைக் கண்டு மயங்காது, குனிந்து அடிச்சட்டகத்தை நோக்குதல் அறிவுடைமையாம்.

தமிழர் கலை மரபில் அச்சுக்கு வேறொரு பொருளும் உண்டு. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உருவம் சமைத்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பர். பின்னர் மண் அச்சை உடைத்தே சிலையை எடுப்பர். ஓர் அச்சில் ஒரு சிலையே பிறக்கும். படகின் அச்சோ உடைவதில்லை. ஒன்றிலிருந்து பல பிறக்கும். இதனால் படகை எவரும் போலி என்று கூறார். ஏனெனில், படகு தன்னைப் படகென்றே கூறிக்கொள்கிறது. போலிமை அச்சில் இல்லை; விற்பவன் சொல்லும் சொல்லிலேயே உள்ளது.

அவ்வாறாயின், எல்லாப் பாகங்களும் மாறிய பழைய வண்டி எதுவாகும்? இவ்வினா 1990இல் இலண்டன் நீதிமன்றத்தின் முன் வந்தது. ‘பழைய முதலாம் இலக்கம்’ என்னும் பொருள்படப் பெயர் பெற்ற பென்ட்லி வண்டி, பிரான்சின் லே மான் பந்தயத்தில் 1929இலும் 1930இலும் வென்றது. அதனை ஒரு கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்டவர்கள், பின்னர் அது உண்மையான வண்டியன்று எனக் கூறிப் பணம் தர மறுத்தனர். 1929இல் இருந்த பாகங்களுள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பது மெய்யே. எனினும், அவ்வண்டியின் வாழ்க்கை அறுபடாது தொடர்ந்து வந்ததால் அதுவே அவ்வண்டி என நீதிபதி ஒட்டன் தீர்ப்பளித்தார். பொருளினும் வரலாறே பெரிதெனக் கருதிய தீர்ப்பு இது.

இத்தீர்ப்பின் உட்பொருளை இலங்கையர் அனுபவத்தால் முன்னரே அறிந்திருந்தனர். 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் உள்ளூர்க் கம்மியர் கையால் உயிர் காத்தன. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயால் ஓடவிட்டனர். அதே பத்தாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வேர், இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, அவற்றுக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க முற்பட்டார். ஆங்கிலேயர் செய்த வண்டிக்கு இலங்கையர் கைகள் மறுவாழ்வு தந்தன. அதனைப் போலி என்போர் எவருமிலர்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை வானளாவ உயர்ந்தது. விலை உயரும்போது பொய்க்கும் விலை உயர்கிறது. அடிச்சட்டக இலக்கத்தை மாற்றுதல், பழைய பதிவுப் புத்தகத்தைப் புதிய உடலுடன் இணைத்தல் ஆகிய குற்றங்கள் உலகெங்கும் அறியப்பட்டவை. ஏமாற்றப்படுபவர் பணத்தை மட்டும் இழப்பதில்லை. சட்டத்தின் முன் தம் வண்டிக்கு உரிமை கோரும் தகுதியையும் இழக்க நேரும்.

ஆகவே, அசலா நகலா என்னும் வினாவுடன் இன்னொரு வினாவும் கேட்கப்படல் வேண்டும்: இவ்வண்டி தன்னைப் பற்றி உண்மை கூறுகிறதா? இன்ன ஆண்டில், இன்ன அச்சில், இன்ன இயந்திரத்துடன் செய்த நகல் இது என வெளிப்படையாக உரைத்து விற்கப்படும் வண்டி, செய்தவர் கைத்திறனுக்குச் சான்றாகும். அதனை மறைத்து விற்கும்போது, அதே கைத்திறன் களவுக்குக் கருவியாகிவிடும். சிலாபத்துக் கரையில் புதிய படகை இறக்குபவர் அதற்குத் தம் விருப்பப்படி ஒரு பெயரைத் தீட்டுவர். அயலவர் படகின் பெயரைத் தீட்டுவதில்லை. நல்ல நகலுக்கும் அந்நேர்மையே அழகு.