பயிற்சியா, அதிர்ஷ்டமா? கிண்டிக் குதிரைகள் கோர்ட்டுக்குப் போன கதை

ஜப்பானில் 2021 பிப்ரவரியில் ‘உமா முசுமே’ என்று ஒரு கைப்பேசி விளையாட்டு வெளியானது. 2025 ஜூனில் அதன் ஆங்கிலப் பதிப்பும் வந்துவிட்டதால் இப்போது உலகம் முழுக்க விளையாடுகிறார்கள். நிஜத்தில் ஓடிய பந்தயக் குதிரைகளின் பெயர்களை வைத்துக்கொண்டு, குதிரைக் காதும் வாலுமாகச் சில பெண்கள் வருவார்கள். விளையாடுபவர்தான் பயிற்சியாளர். வேகம், தாக்குப்பிடிக்கும் திறன், பலம், மன உறுதி, புத்தி என ஐந்து மதிப்பெண்களை மூன்று வருடத்துக்குள் ஏற்ற வேண்டும். களைத்துப் போனவளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் பயிற்சி தோற்கும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று திரையிலேயே காட்டிவிடும். பாதி சக்தி தீர்ந்ததும் ஓய்வு கொடுப்பது, நீண்ட தூரப் பந்தயத்துக்கு வேகத்தை மட்டும் நம்பாமல் தாக்குப்பிடிக்கும் திறனையும் ஏற்றுவது என்று தேறியவர்கள் சொல்லும் யோசனைகள் நிறைய. ஆனால் பயிற்சிக்கு உதவும் அட்டைகள் கிடைப்பதோ குலுக்கலில்! அதனால் தோற்றவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்: தோற்றது பயிற்சியா, அதிர்ஷ்டமா?

வேடிக்கை என்னவென்றால், இதே கேள்வியை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் 20 வருடத்துக்கு மேல் ஒரு சண்டை நடந்திருக்கிறது. அதில் குதிரைகள் நிஜம், பணம் நிஜம், அரசாங்கமும் நிஜம்.

அதற்கு முன், அந்த விளையாட்டில் வரும் மிஹோனோ போர்பன் பற்றிக் கொஞ்சம். இவள் பெயருக்குச் சொந்தமான நிஜக் குதிரையின் பரம்பரை குறுகிய தூர ஓட்டத்துக்கு ஏற்றது. நீண்ட தூரம் தாங்காது என்பதுதான் ஊர் பேச்சு. பயிற்சியாளர் தோயாமா தமியோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1985-ல் ரித்தோ பயிற்சி மையத்தில் திறந்த ஏற்றப் பாதையில் அதைத் திரும்பத் திரும்ப மேடு ஏறவைத்தார். 1992-ல் அது சாட்சுகி ஷோ பந்தயத்தையும் ஜப்பான் டெர்பியையும் தோல்வியே காணாமல் வென்றது. அதே வருடம் 3000 மீட்டர் கிக்கா ஷோவில் மட்டும் ரைஸ் ஷவரிடம் இரண்டாவதாக வந்தது. பயிற்சி எவ்வளவு தூரம் கொண்டுபோகும், எங்கே நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இனி கிண்டி. சென்னையில் குதிரைப் பந்தயம் 1777-ல் தொடங்கியது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் உருவானது. வெளியே இருப்பவர்களுக்கு ரேஸ் என்றால் பணம் கட்டுவதும், சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வருவதும்தான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குடும்பங்கள் சிதைந்ததை ஊரே பார்த்தது. உள்ளே இருப்பவர்களுக்கு ரேஸ் என்பது விடியற்காலை வேலை. இருட்டு விலகும் நேரத்தில் குதிரைகளை ஓடவிட்டு, எத்தனை மீட்டரை எத்தனை விநாடியில் கடந்தது என்று கடிகாரத்தைப் பிடித்துக் குறிப்பார்கள். எது களைத்தது, எதன் கால் வலிக்கிறது, எதற்கு இந்த வாரம் ஓய்வு என்று பயிற்சியாளர் முடிவு செய்வார். கைப்பேசி விளையாட்டில் சதவீதமாகத் தெரிவதை இங்கே குதிரையின் மூச்சிலும் நடையிலும் படிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இதில் ஹேண்டிகேப் என்று ஒரு முறையும் உண்டு. நன்றாக ஓடும் குதிரை அதிக எடை சுமக்க வேண்டும். ஒரு குதிரையை நன்றாகப் பழக்கியதற்குப் பரிசாக அதன் முதுகில் பாரம் ஏறும்!

1974-ல் கருணாநிதி முதல்வராக இருந்தபோது குதிரைப் பந்தயத்தை ஒழிக்க ஒரு சட்டம் வந்தது. பந்தயம் சூதாட்டம், அதனால் ஏழைகள் அழிகிறார்கள் என்பது வாதம். கிளப் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியதால் ஓட்டம் நிற்கவில்லை. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இன்னொரு சட்டம் வந்தது. இது பந்தயத்தை ஒழிக்க வரவில்லை, கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள வந்தது. அதாவது 12 வருடத்துக்கு முன் ஒழிக்க வேண்டிய தீமை என்று சொன்னதை இப்போது அரசே ஏற்று நடத்துமாம். இதைச் சரக்கு கெட்டது என்று சொல்லிவிட்டுக் கடையை விலைக்குக் கேட்பது போல என்று வணிகவியல் மாணவர்கள் புரிந்துகொள்ளலாம்.

இரண்டு சட்டங்களையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பு சொன்னது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்பது வழக்கின் பெயர். நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பின் மையமே பயிற்சிதான். குதிரையின் வேகமும் தாக்குப்பிடிக்கும் திறனும் பயிற்சியால் வருபவை, ஜாக்கியின் திறமை கற்றுக்கொண்டது, பணம் கட்டுபவரும் குதிரையின் பரம்பரை, பழைய ஓட்டங்கள், பயிற்சியாளர், தூரம் எல்லாம் பார்த்துத்தான் கட்டுகிறார், ஆகவே இதில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையே மேலோங்கியது என்று கோர்ட் முடிவு செய்தது. சீட்டையோ பகடையையோ யாரும் காலையில் எழுந்து பழக்கப்படுத்துவது இல்லையே! 1986 சட்டமும் செல்லாது என்றானது.

சட்டக் கேள்விக்கு இது சரியான பதில். ஆனால் வீட்டில் அடுப்பு எரியாத மனைவிக்கு, கணவன் பணத்தைத் திறமை விளையாட்டில் தொலைத்தானா, அதிர்ஷ்ட விளையாட்டில் தொலைத்தானா என்பதில் என்ன ஆறுதல்? பின்னாளில் ஆன்லைன் ரம்மி நிறுவனங்கள் இதே தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனபோது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வரி போடுகிறவர்களுக்கோ இந்த வேறுபாடே தேவைப்படவில்லை. 2023 அக்டோபர் 1 அன்று குதிரைப் பந்தயம், கேசினோ, ஆன்லைன் பணவிளையாட்டு மூன்றுக்கும் ஒரே 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, அதுவும் கட்டும் முழுத் தொகைக்கும்.

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு கிளை உண்டு. உடுமலை, பொள்ளாச்சி, அமராவதி நகர் வட்டாரத்தில் ரேஸ் என்றால் ரேக்ளாதான். காங்கேயம் காளைகளை லேசான வண்டியில் பூட்டி 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஒவ்வொரு ஜோடியாகக் கடிகாரத்தோடு ஓடவிடுவார்கள். வயதைப் பல்லை வைத்துப் பிரிப்பார்கள். நீச்சல், நடை, பருத்திக்கொட்டை, கொள்ளு என்று வருடம் முழுக்க வளர்ப்பு நடக்கும். இங்கேயும் அரை விநாடிதான் ஜெயிப்பதும் தோற்பதும்.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தபோது, கேள்வி அப்படியே தலைகீழாக மாறியிருந்தது. பயிற்சி கொடுத்தால் ஓடுமா என்று யாரும் கேட்கவில்லை. மாடு உழவுக்கும் பாரம் இழுக்கவும் ஆனது, குதிரையைப் போலப் பந்தயத்தில் ஓடும் உடலமைப்பு அதற்குக் கிடையாது, ஓடினால் அது வலிக்காகவும் பயத்துக்காகவும் ஓடுவது என்பது எதிர்த்தரப்பு. கிண்டிக் குதிரையைக் காப்பாற்றிய பயிற்சி இங்கே காளைக்கு எதிரான சாட்சியாக நின்றது. தார்க்குச்சியால் குத்துவதும் வாலைக் கடிப்பதும் பயிற்சி ஆகாது என்பதை ரேக்ளா பிரியர்களும் மறுக்க முடியாது. அதே சமயம், பந்தயம் நின்றால் காங்கேயம் காளைக் கன்றை வளர்க்க ஆள் இருக்காது என்ற கவலையும் பொய்யில்லை. டிராக்டர் வந்தபின் அந்தக் கன்றுக்கு மிஞ்சிய வேலைகளில் இதுவும் ஒன்று. 2017 போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு தனிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது.

கிண்டியின் கதை 1996-ல் முடிந்துவிட்டதாகத்தான் பலரும் நினைத்தார்கள். 2024 ஜூனில் ஊட்டி ரேஸ் மைதானத்தின் 52 ஏக்கரையும், செப்டம்பரில் கிண்டியின் சுமார் 160 ஏக்கரையும் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. இந்த முறை சூதாட்டம், திறமை என்ற பேச்சே இல்லை. 1946-லிருந்து 99 வருடக் குத்தகை, வருட வாடகை 614 ரூபாயும் சில்லறையும். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை! உயர்த்திய வாடகையில் பாக்கி 730 கோடிக்கு மேல் என்று அரசு நோட்டீஸ் கொடுத்தது. கிளப் மறுபடியும் கோர்ட் படியேறியது. மழைநீரைத் தேக்க அந்த மைதானத்துக்குள் குளம் வெட்டும் வேலையும் தொடங்கியது.