திருநீலகண்டரும் மகப்பேறும்

மகப்பேற்றை விலக்கி வாழ்தல் அறவழுவாமோ என்னும் வினா துறவியர்பால் எழுவதன்று, இல்லறத்தார்பாலே எழும். பிதிரர்க்குரிய கடன் மகவினாற் கழியுமெனத் தைத்திரீய சங்கிதை கூறும். திருவள்ளுவனாரும் மக்கட்பேற்றுக்கு ஓரதிகாரம் வகுத்தார். இவற்றின் எதிரே வைத்து ஆராயற்பாலது, கி.பி. 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் உரைத்த தில்லைக் குயவனார் வரலாறு.

கணவர் பரத்தைபாற் சென்றமை பொறாத மனைவியார், திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தீண்டலாகாதென விலக்கினார். ஆணை பன்மைச் சொல்லால் அமைந்தமையின், நாயனார் மாதர் எவரையும் மனத்தினுந் தீண்டாராயினார். ஓரில்லத்தே அயலறியாமல் இருவரும் மூப்பெய்தினர். மகவு வேண்டாமென அவர் துணிந்தாரல்லர்; துணிந்தது ஆணைகாத்தலே. ஆயினும் அதனால் மகப்பேறு ஒழியுமென்பதை அறியாதவருமல்லர்.

சிவயோகியாராய் வந்த இறைவன், தான் அடைக்கலமாக வைத்த ஓட்டைத் தானே மறைத்து வழக்கிட்டு, மகனைப் பற்றிக் குளத்தில் மூழ்குக என்றனன். தமக்கு மகனில்லை என்றார் நாயனார். ஏன் இல்லையென இறைவன் வினவவில்லை. கடன் கழியாதவன் என்று இகழ்ந்ததுமில்லை. மனைவியைப் பற்றி மூழ்குக என்று மேற்சென்றனன். வினவுதற்குரிய இடம் அதனினும் வேறில்லை என்பது கருதத்தக்கது. தில்லைவாழந்தணர் அவையிலும் ஆராயப்பட்டது ஓடு பற்றிய வழக்கே.

திருப்புலீச்சரத்தின் முன்னுள்ள குளத்தில் மூங்கிற்றண்டின் இருதலையை இருவரும் பற்றினர். கையையே பற்றுகவென யோகியார் வற்புறுத்தவே, நாயனார் பழைய செய்தியைப் பலரறியக் கூறி மூழ்கினார். இளமையோடு எழுந்த இருவரும் பெற்றது சிவலோக வாழ்வு. மகப்பேற்றைப் பற்றி அங்கும் ஒரு சொல் இல்லை.