பந்து சொல்லித் தந்த பர்மாக்காரர்

பர்மாவுக்குப் போய்ப் பணம் சேர்த்துக்கொண்டு வந்தவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் கதைகளுக்குக் குறைவில்லை. ரங்கூன் தேக்கு, ரங்கூன் அரிசி, ரங்கூன் வட்டிக்கடை எல்லாம் நமக்குப் பழக்கமான சமாசாரங்கள். ஆனால் பர்மாவிலிருந்து இன்னொரு தேசத்துக்குப் படிக்கப் போய், அங்கே படித்ததைவிட அதிகமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்த ஒரு வாலிபரை நம்மில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அவர் பெயர் சோ டின். போன தேசம் ஜப்பான். சொல்லிக் கொடுத்தது கால்பந்து.

அவரை அந்நியர் என்று ஒதுக்கவும் நமக்கு நியாயமில்லை. 1937-ஆம் வருஷம் மார்ச் முடியும்வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சோ டின் டோக்கியோவில் இருந்த நாட்களில் அவரும் நம் பாட்டனார்களும் ஒரே சர்க்காரின் பிரஜைகள்தாம்.

பந்தைக் காலால் ஆள்வது பர்மியருக்குப் புதிதல்ல. பிரம்பினால் பின்னிய பந்தைத் தரையில் விழவிடாமல் பாதத்தாலும் முழங்காலாலும் தட்டித் தட்டி ஆடும் 'சின்லோன்' அவர்களுடைய பரம்பரை ஆட்டம். 1870-களின் கடைசியில், ரங்கூன் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்காட் என்பவர் கால்பந்தை அறிமுகப்படுத்தினார். பர்மியர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

ஜப்பானுக்கும் கால்பந்து ஏறக்குறைய அதே காலத்தில்தான் போயிற்று. 1873-இல் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரிகள் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் ஆடிக் காட்டினார்கள் என்பார்கள். ஆனால் ஆட்டம் ஆழமாக வேரூன்றவில்லை. 1904-இல் டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் கல்லூரி மாணவர்கள் யோகோஹாமாவில் வெள்ளைக்காரக் குழு ஒன்றோடு மோதி, ஒன்பது கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல் திரும்பினார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க முன்வந்தவர் டி ஹாவிலண்ட் என்ற ஆங்கில ஆசிரியர். பிற்பாடு ஹாலிவுட்டைக் கலக்கிய ஒலிவியா டி ஹாவிலண்ட், ஜோன் ஃபான்டெய்ன் என்ற இரண்டு நட்சத்திரங்களுக்கும் தகப்பனார் அவர்தான்! அப்படிப்பட்டவர் பயிற்சி கொடுத்தும், 1917-இல் டோக்கியோவிலேயே நடந்த தூரகிழக்குப் போட்டியில் ஜப்பான் சீனாவிடம் 5-0 என்றும், பிலிப்பைன்ஸிடம் 15-2 என்றும் தோற்றது. சொந்த மண்ணில், சொந்த ஜனங்களுக்கு முன்னால் பதினைந்து கோல்!

இந்த நிலைமையில்தான் சோ டின் வருகிறார். அவர் டோக்கியோ உயர்தரத் தொழில்நுட்பப் பள்ளியில் மாணவர். கால்பந்து ஆசிரியராக அவரை யாரும் வரவழைக்கவில்லை. வசேதா உயர்நிலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் பந்தாட்டம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதுவரை அங்கே ஆட்டம் என்றால் பந்தை ஓங்கி முன்னால் உதைத்துவிட்டு எல்லோரும் அதன் பின்னால் ஓடுவது. சோ டின் பந்தை நிறுத்தி வைத்து, பாதத்தின் எந்த இடம் பந்தில் பட வேண்டும், கணுக்கால் எப்படி இருக்க வேண்டும், ஊன்றிய கால் எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். விளக்கியதைத் தாமே செய்து காட்டினார். பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தைக் குறுகிய தூரத்தில் தட்டிக் கொடுத்து, எதிரியின் நடுவே புகுந்து போகும் உபாயத்தைப் பழக்கினார். இப்படிச் செய் என்பதோடு நிற்காமல், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சொன்னார்.

இதைப் படித்தபோது என் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வந்தன. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே மைதானம் என்று தனியாக ஒன்று எதற்கு? பங்குனி பிறந்தால் ஏரிகள் எல்லாம் மைதானங்கள். வெடித்த களிமண் தரையில் செருப்புகளைக் குவித்துக் கோல் கம்பமாக்கி ஆடுவோம். கரையோரத்து வேலிகாத்தான் முள் வாரம் ஒரு பந்தைக் காவு வாங்கும். எங்கள் டிரில் வாத்தியாருக்குக் கால்பந்தில் தெரிந்த மந்திரம் ஒன்றே ஒன்று: "ஓங்கி உதைடா!" உதைத்தோம். பந்து ஏரிக் கரையைத் தாண்டிச் சோளக்காட்டில் விழும். ஏன் அங்கே போயிற்று என்று எங்களுக்கும் தெரியாது, அவரும் சொன்னதில்லை. எங்களில் நன்றாக ஓடக்கூடிய பையன்கள் இருந்தார்கள். காலில் பலமும் இருந்தது. 'ஏன்' என்று சொல்ல ஓர் ஆள்தான் இல்லை.

வசேதாப் பிள்ளைகளுக்கு அந்த ஆள் கிடைத்தார். 1923-இல் அகில ஜப்பான் உயர்நிலைக் கல்லூரிகளுக்கான கால்பந்துப் போட்டி முதன்முதலாக நடந்தபோது அவர்களே ஜெயித்தார்கள்; 1924-இலும் அவர்களே. இதற்கிடையில் 1923 ஆகஸ்டில் சோ டின்னின் பாடங்கள் படங்களோடு புத்தகமாக வெளிவந்தன.

புத்தகம் வந்த மறுமாதமே, செப்டம்பர் 1-ஆம் தேதி, டோக்கியோவையும் யோகோஹாமாவையும் பூகம்பம் தரைமட்டமாக்கியது. பூகம்பத்தோடு தீயும் சேர்ந்துகொண்டது. மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். சோ டின் படித்த பள்ளிக்கூடமும் அழிந்தது. வகுப்பு இல்லாத மாணவர் ஊருக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். அவர் ஏறவில்லை. ஜப்பானின் பல ஊர்களுக்கும் போய் அங்குள்ள மாணவர்களுக்குப் பந்தாட்டம் கற்பித்தார். ஒரு நகரத்துப் பிள்ளைகள் மட்டும் தெரிந்துகொண்ட வித்தையை அந்தப் பெரிய விபத்து தேசமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1924-இல் அவர் தாய்நாடு திரும்பினார்.

விதைத்தவர் போய்விட்டார், பயிர் வளர்ந்தது. அவரிடம் கற்ற வசேதா மாணவர்களில் ஒருவர் சுசுகி ஷிகெயோஷி. 1927-இல் ஷாங்காயில் பிலிப்பைன்ஸை 2-1 என்று வென்று, ஜப்பான் தன் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றபோது சுசுகிதான் காப்டன். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போன குழுவுக்குப் பயிற்சியாளரும் அவரே. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வசேதாக்காரர்கள்.

பெர்லினில் இறங்கி உள்ளூர்க் குழுக்களோடு பழகிப் பார்த்தபோதுதான் அவர்களுக்கு ஒன்று தெரிந்தது. 1925-இல் 'ஆஃப் ஸைட்' விதி மாறியதிலிருந்து, ஐரோப்பியர்கள் பின்வரிசையில் இருவருக்குப் பதில் மூவரை நிறுத்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். போட்டிக்குச் சில வாரங்களே பாக்கி. ஜப்பானியர்கள் கௌரவம் பார்க்கவில்லை. அங்கேயே அதைக் கற்றுக்கொண்டு ஆட்ட முறையை மாற்றினார்கள். 'ஏன்' என்று கேட்டுக் கற்றவனுக்குத்தான் பழையதை விடும் தைரியம் வரும்.

ஆகஸ்ட் 4-ஆம் தேதி எதிரே நின்றது ஸ்வீடன். பாதி ஆட்டத்தில் ஸ்வீடன் இரண்டு கோல் முன்னால். பிறகு கவமோட்டோ ஒன்று போட்டார். உகோன் சமன் செய்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது மட்சுநாகா மூன்றாவதைப் போட்டார். ஸ்வீடன் வானொலியில் வர்ணனை செய்தவர், எங்கே பார்த்தாலும் ஜப்பானியர், ஜப்பானியர் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அடுத்த ஆட்டத்தில் இத்தாலியிடம் எட்டு கோல் வாங்கித் தோற்றது வேறு கதை. ஸ்வீடனை வென்றதை ஜப்பானியர் இன்றும் 'பெர்லின் அற்புதம்' என்கிறார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

1942 மார்ச்சில் ஜப்பானியச் சேனை ரங்கூனைப் பிடித்தது. சோ டின் பந்தைக் கொடுத்துவிட்டு வந்த பதினெட்டு வருஷத்தில், சீடனுடைய தேசம் குருவின் தேசத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தது. பர்மாவிலிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் காடும் மலையுமாக நடந்தே அஸ்ஸாமை நோக்கி ஓடினார்கள். வழியில் மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கு. நம் சேலம் ஜில்லாவும் மலேயாத் தோட்டங்களுக்குக் கூலிக்கு ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று. அந்தத் தோட்டங்களிலிருந்து சயாம் - பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத தமிழர்களும் ஆயிரக்கணக்கு.

யுத்தம் ஜப்பானின் ஆட்டக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. வெற்றிக் கோல் போட்ட மட்சுநாகா 1943-இல் குவாடல்கனால் தீவில் இறந்தார். சமன் செய்த உகோன் 1944-இல் பூகன்வில் தீவில் மாண்டார். 'ஏன்' என்று கேட்டுப் பந்து உதைக்கப் பழகிய பிள்ளைகளை, 'ஏன்' என்று கேட்க முடியாத இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

1960-இல் ஜப்பான் ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமர் என்ற பயிற்சியாளரை வரவழைத்தது. 1968-இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. கிராமரை நவீன ஜப்பானியக் கால்பந்தின் தகப்பனார் என்று கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவருக்கு நாற்பது வருஷம் முன்பே, சம்பளமும் பதவியும் இல்லாமல் வந்த ஒரு மாணவரின் பெயரை 2007-இல்தான் ஜப்பான் கால்பந்துச் சங்கம் தன் கீர்த்தி மண்டபத்தில் பொறித்தது.

எண்பத்து மூன்று வருஷம் கழித்துக் கொடுத்த குருதட்சிணை. பெற்றுக்கொள்ள ஆள் இருந்தாரா என்பது கேள்வியல்ல. வாங்கிய கடனை ஒரு தேசம் மறக்கவில்லை என்பதுதான் முக்கியம். நம் ஏரிக்கரைகளில் இன்றும் பையன்கள் ஓங்கி உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பந்தை ஒரு நிமிஷம் நிறுத்தி, கணுக்காலைத் தொட்டுக் காட்டி, "தம்பி, இது ஏன் தெரியுமா?" என்று கேட்கும் ஒருவர் ஊருக்கு ஒருவராவது வேண்டும். அவர் பெயர் எந்த மண்டபத்திலும் பொறிக்கப்படாவிட்டால்கூடப் பரவாயில்லை.