குருபரப்பள்ளி வட்டாரத்தில் புலால் தவிர்ப்பு

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டியுள்ள ஊர் குருபரப்பள்ளி. இங்கு சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இப்பகுதியில் புலால் உண்பவர்களே மிகுதி. 2014-இல் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் சுமார் 97 விழுக்காட்டினர் புலால் உண்பவர்கள் எனத் தெரிந்தது.

இருந்தும் இவ்வட்டாரத்தின் பழைய அன்றாடச் சாப்பாட்டில் கறிக்கு இடம் குறைவு. அதன் நடுவில் இருப்பது ராகிக் களி. தெலுங்கு வீடுகளில் சங்கட்டி, கன்னட வீடுகளில் முத்தே. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல், பச்சை அவரை வரும் பனிக்காலத்தில் பிதுக்கம்பருப்புக் குழம்பு. மானாவாரிக் கொல்லையில் ராகிக்கு இடையே அவரையையும் துவரையையும் சால் விட்டு விதைப்பது வழக்கம் என்பதால், தானியமும் பருப்பும் ஒரே நிலத்திலிருந்து வீட்டுக்கு வந்தன. இந்த உணவு அறத்தால் பிறந்ததன்று, ஆடு அறுக்க வசதியில்லாததால் பிறந்தது. ஆனாலும் இன்று புலாலைக் குறைக்க நினைப்பவர் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கொள்ளில் சுமார் 22 விழுக்காடு புரதம். உயிர்ச்சத்து பி12 மட்டும் இவற்றில் கிடைக்காது. பால், தயிர், முட்டை எதுவும் வேண்டாதவர் மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில மாதங்களில் மட்டும் கறியை விடும் பழக்கமும் இங்கே உண்டு. பெருமாளுக்குரிய புரட்டாசியில் பல வீடுகளில் கறி சமைப்பதில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவர் கார்த்திகையிலும் விலக்குவர். வாங்குவோர் குறைவதால் நாமக்கல்லில் முட்டை விலையும் புரட்டாசியில் இறங்குவதுண்டு. உண்பவர் குறைந்தால் விற்பவரும் குறைவர் என்னும் வாதத்தைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் முன்பே வைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் மரக்கறி உணவு சாதி உயர்வின் அடையாளமாகவும் பயன்பட்டிருக்கிறது. அதை மறைத்துவிட்டு அறம் பேசுவது நேர்மையாகாது. வாடகை வீட்டு விளம்பரங்களில் இன்றும் அது தென்படுகிறது. இராமலிங்க வள்ளலார் (1823–1874) போன வழி வேறு. கொல்லாமையைப் பசிப்பிணி நீக்குதலோடு சேர்த்து, சாதி பாராமல் சோறிட 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார்.

பால் இன்னும் தீராத கேள்வி. கறவை நின்ற மாடும் சீமைக் காளைக் கன்றும் பெரும்பாலும் சந்தை வழியாக அடிமாடாகவே போகின்றன. பழைய நாட்டுக் காளைக்கு ஏர் இருந்தது, டிராக்டர் வந்தபின் அந்த வேலையும் போயிற்று. ஆகவே கறியை விட்டுத் தயிரைக் கூட்டிக்கொள்பவர் இறைச்சித் தொழிலிலிருந்து முற்றும் விலகியவர் அல்லர். மரக்கறி உணவு என்பதைக் குறிக்கப் பொட்டலத்திலுள்ள பச்சைப் புள்ளியும் இதைக் காட்டாது. பால் பொருளுக்கும் அதே புள்ளிதான். பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவுக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தனி விதிமுறையும் முத்திரையும் வகுத்தது.