பட்டேரி கிராமத்துப் பவ்வரி தேவியும் பனியன் கம்பெனிக் கையெழுத்தும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு சொன்னவள், இப்போது ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். "டீச்சர், என்னை உள் புகார் குழுவுல மெம்பரா போட்டிருக்காங்க. சும்மா கையெழுத்துப் போட்டா போதும்னு சொல்றாங்க. போடட்டுமா?" என்று கேட்டாள். "இருடி, அந்தக் குழு எங்கிருந்து வந்ததுன்னு எழுதுறேன். படிச்சிட்டு முடிவு பண்ணு" என்றேன். அதுதான் இந்தப் பதிவு.

கதை ராஜஸ்தானில் ஆரம்பிக்கிறது. ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் பட்டேரி என்றொரு கிராமம். அங்கே பவ்வரி தேவி என்ற பெண், குயவர் குடும்பம். மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் 1985-இல் 'சாத்தின்' ஆகச் சேர்ந்தார். சாத்தின் என்றால் தோழி. நம் ஊர் அங்கன்வாடிப் பணியாளரைப் போல, கொஞ்சம் மதிப்பூதியமும் ஊர் முழுக்க வேலையும். குடிநீர், கூலி, பெண்பிள்ளைகளின் படிப்பு என்று வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும்.

நாம் நகைக்கடையில் முண்டியடிக்கும் அட்சய திருதியை நாளில் அங்கே குழந்தைத் திருமணங்கள் கும்பல் கும்பலாக நடக்கும். அதைத் தடுக்கும் சட்டம் 1929-லிருந்தே இருக்கிறது. 1992-இல் அரசு அதற்கென்று பிரச்சாரம் நடத்தியது, சாத்தின்களிடம் வேலையை ஒப்படைத்தது. பட்டேரியில் ஒரு வசதியான குடும்பத்தில் ஒன்பது மாதக் குழந்தைக்குக் கல்யாண ஏற்பாடு. ஆமாம், ஒன்பது மாதம்தான். பவ்வரி போய்ப் பேசினார், கேட்கவில்லை. திருமண நாளில் அதிகாரிகளும் போலீசும் வந்து நிறுத்திவிட்டுப் போனார்கள். அன்று நள்ளிரவு தாண்டிக் கல்யாணம் நடந்துவிட்டது.

போலீஸ் வண்டி போய்விட்டது, பவ்வரி அதே ஊரில் இருந்தாக வேண்டுமே. அவர் செய்த பானையை யாரும் வாங்கவில்லை, அவருக்குப் பால் விற்கவில்லை. செப்டம்பர் 22 அன்று வயலில் கணவரை அடித்துப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணெதிரே பவ்வரியைப் பலாத்காரம் செய்தார்கள். அவர் குற்றம் சாட்டியது ஐந்து பேரை. 24 மணி நேரத்துக்குள் நடந்திருக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனை 52 மணி நேரம் கழித்துத்தான் நடந்தது. வழக்கு நடக்கும்போதே நீதிபதிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1995 நவம்பரில் பலாத்காரக் குற்றச்சாட்டிலிருந்து அத்தனை பேருக்கும் விடுதலை. மேல்சாதி ஆண் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருப்பானா, மாமனும் மருமகனும் சேர்ந்து இப்படிச் செய்வார்களா என்ற ரீதியில் போன தீர்ப்பு அது. சாதி பார்க்கிறவன் எதை எதையெல்லாம் தொடுவான் என்று கிராமத்தில் வேலை பார்த்த எந்த டீச்சரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.

இதில் இன்னொரு கேள்வி இருந்தது. அவர் வயலில் இருந்தபோதுதான் அது நடந்தது, அலுவலகத்தில் அல்ல. ஆனால் நடந்ததற்குக் காரணம் அரசு கொடுத்த வேலை. அப்படியானால் வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லையா? 'விசாகா' உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா, சுஜாதா மனோகர், பி.என்.கிர்பால் மூவரும் தீர்ப்புச் சொன்னார்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் என்பது பெண்ணின் சமத்துவத்தையும் தொழில் செய்யும் உரிமையையும் பறிப்பது. அதைத் தடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை. ஒவ்வொரு இடத்திலும் புகார்க் குழு வேண்டும். நாடாளுமன்றம் சட்டம் போடும்வரை இதுவே சட்டம். அந்தத் தீர்ப்பில் பவ்வரியின் பெயர் கிடையாது, 'ராஜஸ்தான் கிராமத்தில் ஒரு சமூக சேவகி' என்றுதான் இருக்கும்.

நாடாளுமன்றம் சட்டம் போட 2013 ஆனது. பதினாறு வருஷம். ஒரு பிள்ளை பிறந்து பத்தாம் வகுப்பு எழுதிவிடும்.

இங்கே என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும், இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. எண்பதுகளின் கடைசி, நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் புதிதாக ஒரு டீச்சர் சேர்ந்தாள். சம்பள பில்லில் கையெழுத்துப் போடுகிற ஓர் ஆள் அவளைச் சாயங்காலம் தனியாக வரச் சொல்வார். வராவிட்டால் பில் நிற்கும். அவள் என்னிடம் வந்து அழுதாள். நான் சொன்னது: "துணைக்கு யாரையாச்சும் கூட்டிட்டுப் போம்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ." அவ்வளவுதான். நானே கூடப் போயிருக்கலாம், போகவில்லை. எனக்கும் பில் அவர் கையில்தானே. ஆறு மாதத்தில் அவள் மாறுதல் வாங்கிக்கொண்டு தூரத்து ஊருக்குப் போனாள். அவர் அங்கேயே இருந்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அந்த மாலைக்கு நானும் பணம் கொடுத்தேன்.

அதனால்தான் 2013 சட்டத்தில் ஒரு பிரிவைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்த பெண் எழுதிக் கேட்டால், அவளுக்கு மூன்று மாதம்வரை விடுப்புத் தரலாம், அல்லது குற்றம் சாட்டப்பட்டவரையே வேறு இடத்துக்கு மாற்றலாம் என்கிறது அது. மாறிப் போக வேண்டியவள் அவள்தான் என்று இல்லை.

இனி என் மாணவிக்கு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் குழு கட்டாயம். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர். பாதிப் பேராவது பெண்கள். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு வெளி உறுப்பினர் இருந்தே ஆக வேண்டும், முதலாளியின் மச்சினி அந்தக் கணக்கில் வரமாட்டாள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். எழுத முடியாத பெண் வந்தால் எழுத நீங்கள் உதவ வேண்டும், அது சட்டத்திலேயே இருக்கிறது. கம்பெனி வேனில் நடந்தாலும் அது பணியிடம்தான். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் சின்ன கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கும் மாவட்ட அளவில் தனிக் குழு உண்டு. சொந்தக்காரர்களில் வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள்.

பவ்வரியின் மேல்முறையீடு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தீர்ப்பு வந்து பல வருஷம் கழித்தும் உயர் நீதிமன்றத்தில் ஒரே ஒருமுறைதான் விசாரணைக்கு வந்திருந்தது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவர் இறந்துபோனார்கள்.

நேற்று இரவு மாணவி மறுபடி பேசினாள். வெளி உறுப்பினர் யார் என்று ஆபீசில் கேட்டாளாம். விசாரித்துச் சொல்கிறோம் என்று ஒரு வாரம் டைம் வாங்கியிருக்கிறார்கள். கையெழுத்து இன்னும் போடவில்லை.