வாய்தா

தில்லியில் ஒருவர் 'வாதா' அளித்தால், அவர் வாக்குக் கொடுக்கிறார் என்பது பொருள். மும்பையில் 'வாய்தா' வணிகம் என்பது, பின்னொரு நாளில் கைமாறவேண்டிய சரக்குக்கு இன்றே விலை பேசி முடிக்கும் முன்பேர வணிகம். தமிழ்நாட்டிலோ வாய்தா என்றவுடன் நீதிமன்றத் தாழ்வாரமே நினைவுக்கு வருகிறது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இவற்றை வெவ்வேறு சொற்களெனக் கருதுவதுண்டு. மூன்றும் ஒரே சொல்லின் கிளைகளே.

வாக்குறுதியைக் குறிக்கும் அரபுச் சொல்லொன்று பாரசீகத்தின் வழியே இந்திய மொழிகளுட் புகுந்தது. ஆர்க்காட்டு நவாபுகளின் அலுவல்களிற் பாரசீகம் வழங்கிற்று. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராட்டிய மன்னர் மரபு நிலவியது. சொல் தமிழுக்கு வர இரு வழிகளும் திறந்தே கிடந்தன. வக்கீல், ஜாமீன், ஜப்தி, ராஜிநாமா ஆகியவை இதன் உடன்பிறப்புகள் போன்றவை.

வியப்பு யாதெனில், இது தொடக்கத்திற் காலத்தை நீட்டும் சொல் அன்று. காலத்தை வரையறுக்கும் சொல். கடன்பட்டவன் 'இன்ன நாளில் தருவேன்' என்று கூறும் வாக்கு, நாளடைவில் அந்த நாளுக்கே பெயராயிற்று. நிலவரித் தவணைக்கும் அது வழங்கியது. குறித்த நாள் வந்தது, பணம் வரவில்லை, மற்றொரு நாள் கேட்கப்பட்டது. அதுவும் வாய்தாவே! நாள் குறித்தலும் நாள் கடத்தலும் இவ்வாறு ஒரே சொல்லிற் குடியேறின.

இன்று செய்தித்தாள்கள் 'ஒத்திவைப்பு' என்று எழுதுகின்றன. நல்ல தமிழ்தான், ஆயினும் அது நீதிமன்றத்தின் செயலை மட்டுமே சொல்லுகிறது. வழக்காடுவோர் 'எதிர்க்கட்சிக்காரர் வாய்தா வாங்கிவிட்டார்' என்பர். வாங்கியவர் யார், காத்திருப்பவர் யார் என்பது அந்த ஒரு வினையில் விளங்கிவிடுகிறது. ஊரிலுள்ள பூர்விக நிலத்துக்காக வழக்காடிக் கொண்டு கொல்கத்தாவில் உழைப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் இரண்டு இரவு இரயில் பயணம். இழந்த கூலி வேறு.

இந்த இழுத்தடிப்புக்குச் சட்டம் எல்லை கட்ட முயன்றதுண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999-இல் செய்யப்பட்ட திருத்தம் 2002-இல் நடைமுறைக்கு வந்தது. வழக்கு விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாக்களுக்கு மேல் இல்லை என்றது அது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. ஆனால் கட்சிக்காரரின் கைக்கு மீறிய சூழ்நிலைகளில் அதற்கு மேலும் அளிக்கலாம் என்று விளக்கிற்று. அந்த வழக்கைத் தொடுத்தது சேலம் வழக்கறிஞர் சங்கம்.