ஊவாத் தோட்டங்களின் தப்பொலியும் பல்தட ஒலிப்பதிவும்

தொழிலாளியின் கையில் கடிகாரம் இல்லாத காலத்தில் மலையகத் தோட்டங்களில் பொழுதை அறிவித்தது தப்பு. விடியுமுன் லயங்களின் அருகே 'பெரட்டுத் தப்பு' முழங்கும். பெண்கள் அடுப்பை மூட்டி, பிள்ளைகளை எழுப்பி, பெரட்டுக் களத்திற்கு ஓட வேண்டும். அங்கே பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஊவாவின் மலைகளில் வாழ்ந்த முதியவர்களுக்கு இது நன்கு தெரியும். இன்றைய இசையமைப்பாளர்கள் 'லூப்' என்று அழைப்பதைத் துரைமார் மனிதக் கைகளைக் கொண்டே அமைத்து வைத்திருந்தனர் எனலாம். ஒரே அடி, நாள்தோறும், தலைமுறை தலைமுறையாக.

அதே தப்பிற்குத் தோட்டத்துரைக்குச் சொந்தமில்லாத வேறு அடிகளும் இருந்தன. கலியாணத்திற்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, மாசி மாதக் காமன் கூத்துக்கு இன்னொன்று. சாதி இழிவின் அடையாளம் என்று கருதி இளைஞர் சிலர் தப்பைக் கைவிட்டதும் உண்டு. அந்த முடிவை வெளியிலிருந்து பழிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது அவர்களின் பிள்ளைகளே ஒலிப்பதிவுக் கருவிகளுடன் தப்பைத் தேடி வருகின்றனர்.

அவர்கள் கையாளும் நுட்பத்தின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். ஒலிநாடாக் காலத்தில் வெட்டுதல் என்றால் உண்மையிலேயே வெட்டுதல்தான். நொடிக்கு 7½ அங்குலம் ஓடும் நாடாவில் இரண்டு நொடி ஓசையின் நீளம் 15 அங்குலம். அதைச் சவர அலகால் சாய்வாக வெட்டி, இரு முனைகளையும் ஒட்டினால் வளையம் தயார். பிழையாக வெட்டினால் மீட்பது கடினம். ஆகவே கை தயங்கும். 1996இல் வந்த ரோலண்ட் வி.எஸ்.880 போன்ற கருவிகள் அந்தத் தயக்கத்தைப் போக்கின. நாடாவுக்குப் பதிலாக வன்தட்டு, எட்டுத் தடங்கள், ஒவ்வொரு தடத்திற்கும் எட்டு மாற்றுத் தடங்களாக மொத்தம் 64. இங்கே வெட்டு என்பது ஒரு குறிப்பு மட்டுமே. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை ஒலிக்கவேண்டும் என்பதைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். மூலம் உள்ளே அப்படியே இருக்கும். ஆனால், இடம் போதவில்லை என்று பயன்படாத பகுதிகளை நீக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டால் மூலமும் போய்விடும்.

அண்மையில் இளைஞர் இருவர் தாம் செய்த தடமொன்றை எனக்குப் போட்டுக் காட்டினர். தப்பின் நான்கு அடிகள் திரும்பத் திரும்ப ஒலிக்க, அவற்றின் மேல் ஒரு மூதாட்டியின் ஒப்பாரியிலிருந்து எடுத்த விம்மல். கேட்பதற்கு உருக்கமாகவே இருந்தது. ஒப்பாரியின் சொற்கள் எங்கே என்று கேட்டேன். தெளிவில்லை என்று நீக்கிவிட்டார்களாம். வன்தட்டில் இடமில்லாமல் மூலத்தையும் அழித்துவிட்டார்களாம். ஒப்பாரியின் செய்தி அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. போனவர் யாருக்கு என்ன உறவு, எந்த மலையில் கொழுந்து எடுத்தார், யாரைத் தவிக்க விட்டுப் போனார் என்பதெல்லாம் அங்கேதான் வரும். விம்மல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

தப்பும் இப்படித்தான். அதன் தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றுவார்கள். ஊவாவின் மூடுபனியில் தோல் தளரும், சுருதி இறங்கும். காமன் கூத்தின் முதல் நாழிகையில் கேட்ட தப்பு நள்ளிரவில் அதே தப்பாக இருப்பதில்லை. லூப் செய்பவர் ஒலியலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியாகப் பார்த்து வெட்டுவார். அப்போதுதான் இணைப்பில் 'டிக்' என்ற ஓசை வராது. வெட்டு சுத்தமாக இருக்கும், ஆனால் இரவு நகராது. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையிலும் தெமோதரையில் ஒரு வளையம் உண்டு. நிலையத்திலிருந்து புறப்படும் ரயில் மலையைச் சுற்றிவந்து அதே நிலையத்தின் கீழே சுரங்கத்தினுள் நுழையும். இடம் ஒன்றுதான், மட்டம் வேறு. தப்பின் அடியும் அவ்வாறே திரும்பி வருகிறது.

லூப்பில் பெயர்களும் தொலைகின்றன. 1969இல் 'த வின்ஸ்டன்ஸ்' குழுவின் இசைத்தட்டு ஒன்றில் கிரெகரி கோல்மன் வாசித்த ஏழு நொடி மேளத்தை உலகெங்கும் ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டினர். அவர் 2006இல் வறுமையில் இறந்தார். உரிமைப்பணம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. நமக்கு நெருக்கமான உதாரணம், 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. அது லூப் அல்ல. புதிதாக எழுதிப் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து இந்தியா திரும்பிய பாட்டியின் வாழ்வு அதன் பின்னணியில் இருப்பதை அறிவு கூறியிருக்கிறார். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியதே, அந்தக் கணக்கில் அடங்கிய வாழ்வு அது. அந்தப் பாடலிலும் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற வாதம் பின்னர் பொதுவெளிக்கு வந்தது. இசைத்துறையினர் மத்தியிலேயே இந்த நிலை என்றால், பசறைத் தோட்டமொன்றில் தப்படிக்கும் பெரியவரின் பெயரை யார் எழுதி வைப்பார்?

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை அருகே மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. ஒரு லயம் போனால் அங்கே பாடப்பட்டதும் அதனுடன் போகக்கூடும். ஆகவே, லூப் செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் முழு இரவையும் வெட்டாமல் பதிந்து, தோட்டம், டிவிஷன், அடிப்பவர், பாடுபவர் ஆகிய விபரங்களை எழுதி, இரண்டு பிரதிகளை இரண்டு ஊர்களில் வையுங்கள். பிறகு எத்தனை வளையம் வேண்டுமானாலும் செய்யலாம்.

இன்னொன்று. தப்பைக் காய்ச்ச நெருப்பருகே போகும்போது கருவியை நிறுத்திவிடுகிறார்கள். பதிந்தாலும் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். இந்த அடி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, யாரிடம் பழகியது, எந்தத் துரை காலத்தில் நின்றுபோனது என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் அந்த நெருப்பைச் சுற்றித்தான் நடக்கிறது.